முகம் பார்த்து நீட்டிய கோப்பு

அதிபரின் முதன்மைச் செயலர் தில்லைநாயகத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. காலையில் அதிபர் இரண்டாவது தோசை கேட்டாரா என்று சமையல்காரரிடம் விசாரித்துவிட்டுத்தான் கோப்புகளை நீட்டுவார். கேட்காத நாளில் கெட்ட செய்தி எதுவும் அந்த அறைக்குள் போகாது. இதை நிர்வாகத் திறமை என்று நம்பிக்கொண்டிருந்தார், பாவம்.

ஒரு சனிக்கிழமை காலை, மலையடிவாரத்து ஆசிரமத்துக்கு வந்தார். அங்கே இருந்த மங்களேஸ்வரி அம்மா அவருக்குக் குரு. வயதில் அவரைவிடப் பத்து வருஷம் இளையவர்.

“அம்மா, திங்கட்கிழமை அதிபர் புதுப் பாலத்தைத் திறக்கிறார். ஊர் ஜனமே அது மேல நிக்கும். ஒரு தூண்ல விரிசல்னு பொறியாளர் எழுதிக் கொடுத்த அறிக்கை என் பையில இருக்கு.”

“எத்தனை நாளா?”

“பதினோரு நாளா. அந்தப் பொறியாளரும் தினம் போன் பண்றார். நேரம் பார்த்துச் சொல்றேன்னு சொல்லிட்டிருக்கேன்.”

“நேரம் வரலையா?”

“அந்தப் பாலம்னா அதிபருக்கு உயிரும்மா. இப்ப ரொம்ப சந்தோஷமா இருக்கார். எப்படிப் போய்ச் சொல்றது? எனக்குச் சாப்பாடே இறங்கலை.”

அம்மா எழுந்தார்.

“வாசலைப் பார்த்துக்கிற பொண்ணு கல்யாணத்துக்குப் போயிருக்கா. வர்றவங்களை நீங்க உள்ளே அனுப்புங்க. அப்புறம் பேசலாம்” என்று சொல்லிவிட்டு, கூடத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

தில்லைநாயகத்துக்கு இந்த வேலை தண்ணீர் பட்ட பாடு. ஐந்து நிமிஷத்தில் வரிசை ஒழுங்கானது. மாலையோடு வந்தவர்கள், பழத்தட்டோடு வந்தவர்கள் எல்லாம் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். அம்மா வாய்விட்டுச் சிரிப்பது வாசல்வரை கேட்டது.

தோட்டக்காரர் மாசிலாமணி மண்வெட்டியும் கையுமாக ஓடிவந்தார்.

“ஐயா, அம்மா உக்காந்திருக்கிற நாற்காலி கால் வெடிச்சிருக்கு. நேத்துதான் ஓரமா எடுத்து வெச்சேன். யாரோ திரும்பக் கொண்டாந்து போட்டுட்டாங்க.”

“மெதுவாப் பேசுங்க. அம்மா சிரிச்சிட்டிருக்காங்க. இவங்க போனதும் சொல்றேன்.”

அவர்கள் போனார்கள். வேறு ஆட்கள் வந்தார்கள். மாசிலாமணியும் மறுபடி வந்தார்.

“சொல்லிட்டீங்களா ஐயா?”

“இப்பதான் ஒரு குழந்தைக்குப் பேர் வெச்சுட்டிருக்காங்க. நல்ல காரியத்துக்கு நடுவுல போய் எப்படிச் சொல்றது?”

“அப்ப நானே போய்ச் சொல்லிடறேன்.”

“வரிசையில வாங்க.”

மாசிலாமணி மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு பதினான்காவது ஆளாகப் போய் நின்றார்.

அம்மா குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு, நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். படாரென்று ஒரு சத்தம். அடுத்த நொடி மாலைகளுக்கும் வாழைப்பழங்களுக்கும் நடுவில் தரையில் கிடந்தார்.

தில்லைநாயகம் பதறியடித்து ஓடி, கைகொடுத்துத் தூக்கினார். நல்லவேளை, பெரிய அடி ஒன்றும் இல்லை.

“ஐயாகிட்ட ரெண்டு தடவை சொன்னேம்மா!” என்று மாசிலாமணி வரிசையிலிருந்தே கத்தினார்.

அம்மா திரும்பிப் பார்த்தார். “தெரிஞ்சுமா சொல்லலை?”

தில்லைநாயகத்துக்கு அவமானத்தில் நாக்கு குழறியது. “நீங்க... நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்கம்மா. அதான்...”

அம்மா இடுப்பைத் தேய்த்துக்கொண்டே சிரித்தார்.

“ஆமா. விழற வரைக்கும் சந்தோஷமாத்தான் இருந்தேன்.”