இன்னும் என்ன மாட்டணும்?

"மாஸ்டர், இந்த வண்டிக்கு இன்னும் என்னங்க மாட்டணும்?"

கேட்டவர் தணிகாசலம். கோபிச்செட்டிபாளையத்தில் குழாய், டைல்ஸ் கடை வைத்திருப்பவர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

யாரிடம் கேட்டாரோ அவர் ரெஜினா. முப்பதைத் தாண்டி ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கலாம். ராலிப் பந்தயங்களில் வண்டி ஓட்டியவர். இப்போது சத்தியமங்கலத்துக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்தில், தரிசாகக் கிடந்த ஒரு செம்மண் காட்டைக் குத்தகைக்கு எடுத்து, மண்ணில் மோட்டார் சைக்கிள் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறார்.

குரு சிஷ்யரைவிட அத்தனை வயது சின்னவர் என்றால் கதை ஓடாதா என்ன? ஓடும்.

ரெஜினா வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

தார் ரோட்டிலும் ஓடும், ரோடே இல்லாத இடத்திலும் ஓடும் என்று சொல்லி விற்கிற வண்டி. ரொம்பப் பெரிசும் இல்லை, சின்னதும் இல்லை. அதில் கம்பெனி கொடுத்தது எது, தணிகாசலம் மாட்டியது எது என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். இன்ஜினைச் சுற்றி இரும்புக் கம்பி. அதற்கு அடியில் தகடு. ரேடியேட்டருக்கு வலை. ஹெட்லைட்டுக்கு வலை. கைப்பிடிகளுக்கு ஹேண்ட் கார்டு என்கிற கவசம். டேங்கின் மேல் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் தாள். பக்கத்துக்கு ஓர் அலுமினியப் பெட்டி.

பின் சீட்டைக் காணோம். அந்த இடத்தில் எல்லாவற்றையும்விடப் பெரிய பெட்டி ஒன்று உட்கார்ந்திருந்தது.

"எங்கெங்க போயிட்டு வந்தீங்ணா?" என்று கேட்டார் ரெஜினா.

"அந்தியூருங்க."

"அந்தியூர்ல என்ன?"

"வெல்டிங் பட்டறைங்க. சைடு பாக்ஸுக்குக் கம்பி வெக்கப் போனேன்."

வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பூங்கோதை சிரித்தார். தணிகாசலத்தின் மனைவி. தணிகாசலம் வண்டியில் முன்னால் வர, அவர் காரை ஓட்டிக்கொண்டு பின்னால் வந்திருந்தார். வண்டி வாங்கியதிலிருந்து அப்படித்தான்.

"மாஸ்டர், நான் சொல்லட்டுங்களா?" என்றார் பூங்கோதை. "என்ர தங்கச்சி மேல மலையில நர்ஸா இருக்கறா. அங்க கார் போகாது. ஜீப்ல போனா இடுப்பு கழண்டுரும். 'ஒரு வண்டி வாங்கறேன், ரெண்டு பேரும் ஜம்முனு போயிட்டு வரலாம்'னாருங்க. அதுக்குத்தான் நானும் சரின்னேன். வண்டி வந்துச்சு. சீட்டு போயிருச்சு."

"அது கொஞ்ச நாளைக்குத்தான்," என்றார் தணிகாசலம். "மழைக்கோட்டு, காத்தடிக்கிற பம்பு, டூல்ஸு எல்லாம் எங்க வெக்கறது? மலையில ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

"எல்லாம் வெச்சாச்சு. நான்தான் பாக்கி."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் தங்கையைப் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. பார்க்க வேண்டும் என்று அவருக்கு ரொம்ப ஆசையாக இருந்தது.

ரெஜினாவின் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. தங்கை இருக்கிற மலைக்கு ஏறும் பாதை தொடங்குகிற இடத்தில் ஒரு மூங்கில் குறுக்கே கிடக்கும். அவராகத் தூக்கிவிடும்வரை மாணவர்கள் யாரும் மேலே போவதில்லை. ஏன் தூக்கவில்லை என்று அவர் சொல்ல மாட்டார். கேட்டால் ஏதாவது வேலை கொடுப்பார்.

தணிகாசலம் கேட்டார். "எங்களுக்கு அந்த மூங்கிலை எப்போங்க தூக்குவீங்க?"

"வண்டியைப் படுக்க வைங்ணா."

"என்னங்க?"

"கீழ. மண்ணுல. படுக்க வைங்க."

தணிகாசலம் மனைவியைப் பார்த்தார். மலையைப் பார்த்தார். பிறகு காருக்குப் போய் ஒரு பவானி ஜமுக்காளத்தை எடுத்து வந்து மண்ணில் விரித்தார். சுருக்கம் இல்லாமல் நீவிவிட்டார். அதன்மேல் வண்டியை மெல்லச் சாய்த்தார். அப்போது அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"இப்போ தூக்குங்க," என்றார் ரெஜினா.

தூக்கினார். வண்டி அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினார். ஜமுக்காளம்தான் நகர்ந்தது.

"யாராச்சும் ஒரு கை புடிச்சா..."

"மேல யாருங்ணா இருக்காங்க?"

"அப்ப என்னங்க பண்றது?"

ரெஜினா ஸ்பேனர் பெட்டியை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

தணிகாசலம் முதலில் பின்னால் இருந்த பெரிய பெட்டியைக் கழற்றினார். தூக்கிப் பார்த்தார். ஊகூம். பக்கத்துப் பெட்டிகளைக் கழற்றினார். ஊகூம். பெட்டிகளைத் தாங்கிய அந்தியூர்க் கம்பியைக் கழற்றும்போது மட்டும் கொஞ்சம் தயங்கினார்.

"அதைப் போட்டு பத்து நாள்கூட ஆகலை," என்றார்.

"பரவாயில்லை, அதுவும் கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கட்டும்," என்றார் பூங்கோதை.

கூடுதல் விளக்குகள் கழன்று வந்தன. மாற்று டியூப் வந்தது. கயிறு வந்தது. ஒரு மடக்கு நாற்காலி வந்தது. அதை எப்போது வாங்கினார் என்று அவருக்கே ஞாபகம் இல்லை. எல்லாம் வேப்பமரத்தடியில் வரிசையாகக் கிடந்தன.

"நம்ம கடை வாசல் மாதிரியே இருக்குதுங்க. ஒரு போர்டு வெச்சா யாவாரம் ஆயிரும்," என்றார் பூங்கோதை.

ரெஜினா டீ தம்ளரோடு திரும்பி வந்தார். "வண்டிக்கு முதுகைக் காட்டி நில்லுங்ணா. கையால இழுக்காதீங்க. இடுப்பால தள்ளுங்க."

வண்டி எழுந்து நின்றது.

தணிகாசலத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுபடி படுக்க வைத்தார். மறுபடி தூக்கினார். இந்தத் தடவை ஜமுக்காளம் இல்லை.

"இப்போ புரிஞ்சுதுங்க மாஸ்டர்! மூங்கிலைத் தூக்கலாமுங்களா?"

"பின் சீட்டை மாட்டிட்டு அடுத்த ஞாயித்துக்கெழமை வாங்க. அக்காவும் பின்னாலயே உக்காந்து வரட்டும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரே வண்டியில் வந்தார்கள்.

கோபியிலிருந்து வழி நெடுக பூங்கோதை பேசிக்கொண்டே வந்தார். ஹெல்மெட்டுக்குள் பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் தணிகாசலம் "ஆமா, ஆமா" என்றார். வாழைத் தோப்புகளைத் தாண்டும்போது காற்று குளிர்ந்து வந்தது. இப்படிப் போய்க்கொண்டே இருக்கலாம் போல இருவருக்கும் இருந்தது.

ரெஜினா கொட்டகையிலிருந்து ஒரு ஜாக்கெட்டை எடுத்துப் பூங்கோதைக்குக் கொடுத்தார். முழங்கையிலும் தோளிலும் அடிபடாமல் இருக்க உள்ளே பட்டை வைத்தது. அங்கே மிச்சம் இருந்தது அது ஒன்றுதான், ரொம்பப் பெரிசு. தணிகாசலம் தன்னுடையதைக் கோயம்புத்தூரில் அளவு பார்த்து வாங்கியிருந்தார்.

"அந்தப் பக்கம் மணல் கொட்டி வெச்சிருக்கேன், அதுக்குள்ள ஒரு சுத்து போயிட்டு வாங்க. மெதுவா."

மெதுவாகத்தான் போனார்கள். ஆள் நடக்கிற வேகம்தான். பாதி வழியில் முன் சக்கரம் மணலில் புதைந்து ஒரு பக்கமாக இழுத்தது. வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. இருவரும் விழுந்தார்கள்.

தணிகாசலம் துள்ளி எழுந்தார். இன்ஜினை நிறுத்தினார். குனிந்து பார்த்தார். கையால் தடவினார்.

"நல்லவேளை! கம்பி தாங்கிருச்சு. ஹேண்ட் கார்டுல லேசா ஒரு கோடு. அவ்வளவுதான்."

"எனக்கும் ஒண்ணும் ஆகலீங்க," என்றார் பூங்கோதை, மணலில் உட்கார்ந்தபடியே.

"மணல்தானே," என்றார் தணிகாசலம், ஹேண்ட் கார்டில் விழுந்த கோட்டைத் துடைத்துக்கொண்டே.

ரெஜினா வந்து பூங்கோதைக்குக் கை கொடுத்து எழுப்பினார். கொட்டகைக்குக் கூட்டிப் போனார்.

வண்டியைத் தணிகாசலம் ஒற்றை ஆளாகத் தூக்கி நிறுத்தினார். பெருமையாக இருந்தது. யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

"மாஸ்டர், தனியாவே தூக்கிட்டேனுங்க."

"பாக்கலீங்ணா."

"அப்ப மூங்கிலு?"

"அடுத்த வாரம் பேசிக்கலாம்."

அந்த வாரம் முழுக்கத் தணிகாசலம் யோசித்தார். டயர்தான் சரியில்லை என்று முடிவுக்கு வந்தார். மணலில் கடித்துப் பிடிக்கிற மாதிரி கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர்கள் கோயம்புத்தூரிலிருந்து வந்தன. கடையில் வாடிக்கையாளர் காத்திருக்க, எவ்வளவு காற்று வைப்பது என்று யாரிடமோ போனில் கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டில் பூங்கோதை அதிகம் பேசவில்லை.

"ஏன் ஒரு மாதிரியா இருக்கற?"

"ஒண்ணுமில்லீங்க. இன்னும் ரெண்டு இட்லி வெக்கட்டுமா?"

ஒன்றுமில்லாமல் இல்லை. அவருக்கு வருத்தம்தான். தானாகச் சொன்னால் அது சின்ன விஷயமாகப் போய்விடும் என்று சொல்லாமல் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வண்டியை நிறுத்தியதும் தணிகாசலம் ஆரம்பித்துவிட்டார்.

"ஏனுங்க மாஸ்டர், பெட்டியெல்லாம் கழட்டிட்டேன். தனியா தூக்கறேன். டயர்கூட மாத்திட்டேன். இவ தங்கச்சி தெனம் போன் பண்ணி எப்ப வர்றீங்கன்னு கேக்குது. எங்க தப்புன்னாவது சொல்லுங்க."

ரெஜினா செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"போன வாரம் விழுந்தீங்களே. எங்கெங்க அடின்னு சொல்லுங்ணா."

இது தணிகாசலத்துக்குச் சுலபமான கேள்வி. வண்டியைப் பார்க்காமலே சொன்னார்.

"எடது ஹேண்ட் கார்டுல ஒரு கோடுங்க. கீழ் கம்பில நகக்கண் அளவு பெயிண்ட் போயிருக்குது. கிளட்ச் லீவர் நுனி ஒரு துளி வளைஞ்சிருக்குது. இண்டிகேட்டருக்குள்ள மணல் போயிருந்துச்சு, ஊதி எடுத்துட்டேன். சைலன்ஸர் அந்தப் பக்கமுங்க, அதுக்கு ஒண்ணும் இல்லை."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதானுங்க. ஒண்ணு விடலை."

"அக்காவுக்கு?"

"என்னங்க?"

"அக்காவுக்கு எங்க அடி?"

தணிகாசலம் வண்டியைப் பார்த்தார்.

"ஒண்ணும் ஆகலைன்னு அவளே..."

பூங்கோதை பக்கம் திரும்பினார். பூங்கோதை அவர் உதவிக்கு வரவில்லை. சுடிதாரின் முழுக்கையை மெதுவாக மேலே சுருட்டினார்.

இடது முழங்கைக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப் போயிருந்தது. ஓரத்தில் மட்டும் மஞ்சள் பாரித்து ஆறத் தொடங்கியிருந்தது.

"எலும்புல ஒண்ணும் இல்லீங்க," என்றார் பூங்கோதை. "மாஸ்டர் அன்னைக்கே ஐஸ் வெச்சு விட்டாங்க."

"நீ சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கவே இல்லீங்களே."

அந்தக் கையில் இட்லிப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டுதான் வாரம் முழுக்கப் பரிமாறியிருக்கிறார். தணிகாசலம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். டயரைப் பற்றிப் பேசிக்கொண்டே.

அவருக்கு அழுகை வந்தது. இந்த வயதில், இன்னொருத்தர் முன்னால் அழுவதா என்று யோசித்தார். அதற்குள் அழுதுவிட்டிருந்தார்.

"வலிக்குதா?"

"அன்னைக்கு நல்லா வலிச்சுது. இப்ப தொட்டாத்தான்."

தணிகாசலம் தொடவில்லை. கொட்டகைக்குள் போய் அந்தப் பெரிய ஜாக்கெட்டை எடுத்து வந்தார். பூங்கோதையின் தோளில் போட்டு, கைகளை நுழைத்து, முழங்கைப் பட்டை எங்கே வருகிறது என்று பார்த்தார். அது நழுவி மணிக்கட்டுக்கு வந்து நின்றது.

"இது உனக்கு ஆகவே ஆகாது."

"இப்பத்தான் தெரியுதுங்களா?" பூங்கோதைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாரம் முழுக்க வராத சிரிப்பு.

தணிகாசலம் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மாஸ்டர், இன்னைக்கு எங்களுக்குக் கிளாஸ் வேண்டாமுங்க. கோயம்புத்தூர் போறோம். இவளுக்கு அளவா ஒரு ஜாக்கெட் எடுக்கணும்."

"மூங்கிலைத் தூக்கி வெக்கறேன். மேல எப்போ போறீங்ணா?"

"அதை என்கிட்டக் கேக்காதீங்க."

ரெஜினா பூங்கோதையைப் பார்த்தார்.

"நாளைக்கே," என்றார் பூங்கோதை.