மறதிக்காரனுக்கு மெமரி என்று பெயர் வந்த கதை

கணினிப் பெட்டிக்குள் இருப்பவர்களெல்லாம் வாய் திறந்து பேசிய காலத்தில், அங்கே ஓர் அண்ணனும் தம்பியும் இருந்தார்கள். இருவருக்கும் பெயர் கிடையாது. அண்ணன் ஒரு தட்டைச் சுற்றிச் சுற்றித் தேடித்தான் எதையும் சொல்வான். ஆனால் ஒரு தடவை கேட்டதை ஆயுசுக்கும் மறக்கமாட்டான். தம்பி படுசுட்டி. கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். கரண்ட் போனால் மட்டும் அண்ணன் முகமே அவனுக்கு மறந்துபோகும்.

ஒருநாள் பெயர் சூட்ட நூரியா அம்மாள் வந்தாள். ஸ்பெயினில் கத்தலான் மொழி பேசும் சீமைக்காரி. பெரிய நோட்டில் ஒரு பக்கம் ஆங்கிலப் பெயர், மறுபக்கம் கத்தலான் பெயர் என்று எழுதிக்கொண்டே பெட்டி பெட்டியாகப் போகிறவள். எழுதினால் எழுதினதுதான், அடித்துத் திருத்துகிற வழக்கமே அவளிடம் இல்லை.

"மிச்சம் இரண்டே பெயர்," என்றாள். "நினைவு வைத்திருப்பவருக்கு மெமரி, கத்தலானில் மெமோரியா. சாமான் போட்டு வைப்பவருக்கு ஸ்டோரேஜ், கத்தலானில் எம்மகட்ஸமாட்ஜே. சொல்வதற்குள் எனக்கே வாய் வலிக்கிறது."

மெமரி தனக்குத்தான் என்று அண்ணன் அடித்துச் சொன்னான். அந்தப் பெயர்மேல் அவனுக்கு அவ்வளவு ஆசை.

"சரி, உள்ளே வரும்போது வாசலில் நான் என்ன முணுமுணுத்தேன்? ஞாபகம் இருக்கிறவர் சொல்லுங்கள்," என்றாள் நூரியா அம்மாள்.

அண்ணன் அவசர அவசரமாகத் தட்டைச் சுற்றினான். அரைச் சுற்றுகூட ஆகவில்லை.

"'முட்டி வலிக்குது, ஒரு காபி கிடைச்சா தேவலை'ன்னீங்கம்மா!" என்றான் தம்பி.

"பலே! நீதான் மெமரி!" நோட்டில் எழுதியும்விட்டாள்.

"அம்மா, கொஞ்சம் பொறுங்க! கரண்ட் போனா இவன்..." என்று அண்ணன் ஆரம்பிப்பதற்குள் அவள் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாள். ஸ்டோரேஜ் என்ற பெயர் அண்ணன் தலையில் விழுந்தது.

மறுநிமிடமே கரண்ட் போய் வந்தது. தம்பி கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டான்: "சார், நீங்க யாரு? என் பேரு என்ன சார்?"

'ஸ்டோரேஜ்' என்று சொல்லிவிட அண்ணனுக்கு நாக்கு துடித்தது. சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் சொன்ன பொய்யையும் ஆயுசுக்கும் மறக்காமல் வைத்திருக்க வேண்டியவன் அவன்தானே!

"உன் பேரு மெமரிடா, எருமை," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. "நான் உன் அண்ணன். உட்காரு, முதல்லேர்ந்து சொல்றேன்."

பழைய கணினியைப் போட்டால், அண்ணன் தட்டைச் சுற்றித் தம்பிக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லி முடிக்கிறவரை, அது கர்ரென்று முனகிக்கொண்டு நம்மை இவ்வளவு நேரம் காக்க வைப்பது அந்த நாளிலிருந்துதான்.