ஊசிலாங்குளத்து விமானமும் இரண்டரை அடிப் பள்ளமும்

ஊசிலாங்குளத்துக்காரர்களுக்கு அறிவில் குறைவே கிடையாது. செலவழித்தால்தானே குறையும்?

அந்த ஊர்ச் சீனியப்பன் ஆறு மாதத்துக்கு முன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். தன் தங்கை புருஷன் கார் வாங்கிவிட்டான் என்று மனைவி பஞ்சவர்ணம் பெருமூச்சு விட, "நீ உங்க அம்மா வீட்டுக்குப் போய் இரு. உன்னைக் கூப்பிட நான் விமானத்துலதான் வருவேன்" என்று சொல்லிவிட்டான். அவளும் போய்விட்டாள். ரோஷக்காரி. விமானம் இல்லாமல் போய் நின்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவாள். சொந்தச் சமையலைத் தின்று தின்று சீனியப்பன் பாதியாக இளைத்திருந்தான், பாவம்.

உதிரிபாகங்களைப் பெட்டி பெட்டியாக வரவழைத்து, கூட வந்த புத்தகத்தைப் பார்த்து, கூட்டாளிகள் மச்சக்காளை, தவசி, பூலோகம் மூவரையும் சேர்த்துக்கொண்டு, தெருக்கோடியில் மண் ஓடுபாதையும் போட்டு, இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம் ஒன்றைப் பூட்டியே விட்டான். அது சரியாகவும் அமைந்துவிட்டது. சொன்னதை மட்டுமே செய்கிறவர்களிடம் இப்படி ஒரு வசதி உண்டு.

சோதிக்க வந்த அதிகாரி சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க. அடுத்த மாசம் இன்னொரு தடவை பார்த்துட்டுச் சான்றிதழ் தர்றேன். அதுவரைக்கும் இது தரையை விட்டு ஒரு அங்குலம்கூட எழும்பக் கூடாது. எழும்புச்சுன்னு தெரிஞ்சா சான்றிதழ் கிடையாது."

பத்தாம் நாள் ஒரு சக்கரம் பஞ்சர். மச்சக்காளை ஜாக்கியோடு வந்தான். சீனியப்பன் பதறிப்போய் அவன் கையைப் பிடித்தான்.

"ஜாக்கி வச்சா சக்கரம் எழும்பாதாடா?"

"நாலு அங்குலம் எழும்பும்ணே."

"நமக்கு ஒரு அங்குலத்துக்கே அனுமதி இல்ல."

வெகுநேரம் யோசித்தார்கள். தவசிதான் வழி கண்டுபிடித்தான்.

"விமானத்தை ஏன்ணே தூக்கணும்? தரையை இறக்குவோம்."

அச்சுக்குக் கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு, சக்கரத்துக்கு அடியில் தோண்டினார்கள். சக்கரம் அந்தரத்தில் தொங்கியது. கழற்றி, பஞ்சர் ஒட்டி, மாட்டினார்கள். பூலோகம் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான்.

"இப்ப இந்தச் சக்கரம் தரையைத் தொடலையே?"

"அது எழும்பலப்பா. தரைதான் கீழே போயிருக்கு" என்றான் தவசி.

"அதிகாரி அசலூர்க்காரரு. வந்து பார்த்தா, எது போச்சுன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. முட்டுக்கல்லை எடுத்துவிட்டு, மற்ற இரண்டு சக்கரங்களுக்கு அடியிலும் தோண்டினார்கள். ஒரு பக்கம் கூடிப்போனது. அதற்கு ஈடாக மறுபக்கம் தோண்ட, அது இன்னும் கூடியது. இப்படிச் சரிக்கட்டிச் சரிக்கட்டி, விமானம் இரண்டரை அடிப் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது.

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. பள்ளம் நிரம்பி, விமானம் லேசாக மிதந்தது. சீனியப்பனுக்கு உயிரே போய்விட்டது.

"எழும்புதுடா! அமுக்குங்கடா!"

தண்ணீர் வற்றும்வரை இரண்டு நாள், நால்வரும் ஆளுக்கொரு பக்கம் அமுக்கிக்கொண்டு சேற்றில் நின்றார்கள். சோறுகூட அங்கேதான் வந்தது.

அதிகாரி வந்தார். பள்ளத்தின் ஓரத்தில் குந்தி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"விமானம் நல்லாத்தான் இருக்கு. குழிக்குள்ள கிடக்குறதுக்கு நான் எப்படிய்யா சான்றிதழ் தர்றது? தூக்கி மேலே வைங்க. இப்பவே கையெழுத்துப் போடுறேன்."

சீனியப்பன் கைகட்டிச் சிரித்தான்.

"தூக்குனா எழும்பிருமே சார். சான்றிதழ் இல்லாம எழும்பக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க? எங்களைச் சோதிச்சுப் பார்க்குறீங்க. நாங்க ஏமாற மாட்டோம்."

அதிகாரி எவ்வளவோ எடுத்துச் சொன்னார். தொண்டை கட்டியதுதான் மிச்சம். "விமானமும் ஓடுபாதையும் ஒரே மட்டத்துல இருக்கணும். என்னைக்கு இருக்கோ அன்னைக்குக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

சீனியப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த ஜென்மத்தில் பஞ்சவர்ணம் கையால் ஒரு வாய் சோறு கிடைக்காது என்றே நினைத்தான். தவசி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடுபாதைப் பக்கம் நடந்தான்.

மூன்று வாரம் கழித்துச் சீனியப்பன் மனைவிக்குப் போன் போட்டான். குரலில் சந்தோஷம் தாங்கவில்லை.

"ஓடுபாதையை இரண்டரை அடி இறக்கியாச்சு பஞ்சவர்ணம். மழைத்தண்ணி அதுல வந்து தேங்கிடக் கூடாதுன்னு தெருவையும் இறக்கிட்டோம். நாளைக்கு நம்ம வீட்டுக்கு அடியில தோண்டுறோம். அடுத்த மாசம் விமானத்தோட வந்து நிக்கிறேன். அதுக்குள்ள அவசரப்பட்டு நீயா பஸ் ஏறி வந்துடாத. ஊரு நீ விட்டுட்டுப் போன உயரத்துல இல்ல. பழைய நினைப்புல காலை வச்சா விழுந்துருவ."