எதிர்ப்பல்

நெல்லையப்பன் டாக்டருக்கு நாற்பத்தைந்து வயது. சொந்த கிளினிக், வாசலில் பெரிய போர்டு. ஆனாலும் பல்லுக்குப் போடும் கேப்பைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் பாதி, பாளையங்கோட்டையில் டாக்டர்களுக்குக் கேப் செய்து கொடுக்கும் பல் லேப் நடத்தும் ரோசிலி சொல்லிக்கொடுத்தது. அதை அவர் வெளியே சொல்லமாட்டார்.

ஒருநாள் உடைந்த கேப் ஒன்றை அவள் மேஜையில் வைத்தார்.

"மூணாவது தடவையா உடைஞ்சிருக்குக்கா. லாரி ஓட்டுற சாகுல் அண்ணாச்சி. கீழ்க் கடவாப்பல்லு. தூக்கத்துல நறநறன்னு கடிக்கிற மனுசன். பீங்கான் நிக்க மாட்டேங்குது. என் பேரு நாறுது. இருக்கதுலயே உடையாதது எது?"

"சிர்கோனியா. பல்லை விடக் கெட்டி."

"அதையே போட்ருவோம்."

"கடவாப்பல்லை யாரு எட்டிப் பாக்கப்போறா? தங்கம் போடுங்க. கொஞ்சம் விட்டுக்குடுக்கும். மேல்பல்லுக்கும் நல்லது."

"மேல்பல்லு நல்லாத்தான் இருக்கு. எனக்கு உடையாதது வேணும்."

வேண்டாம் என்று அதற்கு மேல் சொல்ல ரோசிலிக்கும் வாய் வரவில்லை. செய்து கொடுத்தாள்.

"கடி உயரமா இருந்து கேப்பைத் தேய்ச்சீயன்னா, மறக்காம பாலிஷ் போட்டிருங்க. சொரசொரப்பா விட்டா மேல்பல்லை அரம் மாதிரி ராவிரும்."

"தெரியும்க்கா."

ஒன்றரை வருடம் கழித்துச் சிரித்த முகத்தோடு வந்தார்.

"பொட்டுக் கீறல் இல்லக்கா! கல்லு மாதிரி நிக்குது. இப்ப மேல்பல்லுதான் தேஞ்சு நரம்பு வரைக்கும் போயிட்டு. வேர் சிகிச்சை பண்ணிட்டேன். அதுக்கு எந்த கேப்பு போடலாம்?"

சிகிச்சைக்கு முன்னால் எடுத்த மேல்வரிசையின் பிளாஸ்டர் அச்சை நீட்டினார். ரோசிலி அலமாரியிலிருந்து சாகுலின் பழைய அச்சை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். பழையதில் பல் முழுசாக இருந்தது. புதியதில் பழைய அம்மி மாதிரி குழிந்து கிடந்தது.

"பாலிஷ் போட்டீயளா?"

"அன்னைக்கு ஒரே கூட்டம்."

"நடுவுல அண்ணாச்சி வரவே இல்லையா?"

"கூசுதுன்னு ரெண்டு தடவை வந்தாரு. பேஸ்ட் எழுதிக் குடுத்தேன்."

ரோசிலி இரண்டு அச்சுகளையும் அவர் கையிலேயே கொடுத்தாள்.

"கேப்பு உடைஞ்சப்போ மூணு தடவை ஓடியாந்தீய, டாக்டர். உடைஞ்சது நீங்க போட்டதுல்லா. தேஞ்சது அவரு பல்லு. அதுக்கு பேஸ்ட் போதும்னு விட்டுட்டீய."