கரையில் உயரமாக ஒன்றும் இல்லை

“எதை விடட்டும் கோச்சு? நீங்களே சொல்லிருங்க” என்றார் பொன்னுலிங்கம்.

ஜெனோவா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொன்னுலிங்கத்துக்கு நாற்பத்தாறு வயது. தூத்துக்குடியில் பெயின்ட் கடை வைத்திருக்கிறார்; ஏணியும் வாடகைக்கு விடுவார். ஜெனோவாவுக்கு முப்பது. கடற்கரையில் பிறந்தவள், நீச்சலில் பதக்கங்கள் வாங்கியவள். அவர் அவளைக் கோச்சு என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். யார் குரு, யார் சீடன் என்பதில் இருவருக்கும் குழப்பம் இல்லை.

அவர் கற்க வந்த வித்தைக்கு டிரையத்லான் என்று பெயர். முதலில் கடலில் நீந்த வேண்டும். ஈரம் காயுமுன் சைக்கிளில் ஏற வேண்டும். இறங்கியதும் ஓட வேண்டும். இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று அவரிடம் கேட்காத ஆள் ஊரில் இல்லை. கேட்டவர்களில் பாதிப் பேருக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். அதை நாம் சொல்லிக்காட்டக் கூடாது.

“தங்கச்சி வீட்டுக்குப் போனா சனி ஞாயிறு போயிருது. மருமவளுக்கு எம் மடியில வச்சுத்தான் காது குத்தணும். என்னால ரெண்டு தடவை தள்ளிவச்சாச்சு. இப்ப மூணாவதா நாள் குறிச்சிருக்காங்க. அந்த ஞாயித்துக்கிழமைதான் நீங்க நீள சைக்கிள் மிதி போட்டிருக்கீங்க.”

“ம்.”

“எங்க வீட்டுக்காரி மட்டும் போயிட்டு வாரா. அண்ணன் எங்கன்னு கேட்டா சைக்கிள்ல போயிருக்காருன்னு சொல்ல வெக்கமா இருக்குங்கா.”

“ம்.”

“கூட்டாளிமாரைப் பாத்து மாசக்கணக்காச்சு. பயலுவ இப்ப கூப்பிடுறதே இல்ல. அவங்களைப் பிடிச்சா பந்தயம் போயிரும். பந்தயத்தைப் பிடிச்சா அவங்க போயிருவாங்க. எதை விடட்டும்?”

ஜெனோவா திரும்பினாள்.

“தண்ணில இறங்குங்க.”

“நான் கேட்டதுக்குப் பதில்?”

“இறங்குங்க அண்ணாச்சி. அந்த மிதவை வரைக்கும் போங்க. தலையைத் தூக்கவே கூடாது.”

அவர் இறங்கினார். தலையை நீருக்குள் வைத்து, கையை வீசி நீந்தினார். அவ்வளவு வேகமாக அவர் என்றைக்கும் நீந்தியதில்லை. மிதவை வந்திருக்கும் என்று நினைத்தபோது நின்று நிமிர்ந்தார்.

மிதவை இடப்பக்கம் எங்கோ கிடந்தது. பக்கத்தில் ஒரு வள்ளம் நின்றது. வலை இழுத்துக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார்.

“அண்ணாச்சி, சிலோனுக்கா?”

பொன்னுலிங்கம் கரைக்குத் திரும்பினார். கோபம் கோபமாக வந்தது.

“வேகம் எப்படி இருந்துச்சு?” என்றாள் ஜெனோவா.

“நல்ல வேகம்.”

“ஆமா. நானும் பாத்தேன்.”

“தலையைத் தூக்கினா வேகம் குறையும்னு நீங்கதானே கோச்சு சொன்னீங்க?”

“குறையும்.”

“அப்புறம்?”

“குறையட்டும்.”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். போன வருடம் நடந்ததும் இதுதான். நீச்சலுக்கு ஒரு கெடு உண்டு. அதற்குள் கரையேறாவிட்டால் சைக்கிளைத் தொட விடமாட்டார்கள். திரும்பி வரும்போது வழி தப்பி எங்கோ போய்விட்டவரைப் படகில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார்கள். அவர் வரிசையில் நிறுத்திவைத்த சைக்கிள் துடைத்த பளபளப்போடு அப்படியே நின்றது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. இந்த வருடமும் அப்படியானால் சைக்கிளை விற்றுவிடுவது என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தார்.

“போகும்போது மிதவையைப் பாத்துப் போயிருவீங்க. திரும்பி வரும்போது எதைப் பாப்பீங்க?” என்றாள் ஜெனோவா.

“கரையை.”

“கரை நீளமாக் கிடக்கு. கரையில எதை?”

அவர் பார்த்தார். மணல். அதற்குப் பின்னால் உப்பளம். அதற்குப் பின்னால் வானம்.

“உயரமா ஒண்ணுமே இல்லையே.”

“இல்லதான்.”

“கரையேறுற இடத்துல காத்தடிச்ச வளைவு ஒண்ணு வைப்பாங்களே?”

“அடிக்கிற காத்துல அது சாஞ்சிரும்.”

“அப்ப எதைப் பாக்க?”

“தேடிக் கொண்டுவாங்க. பந்தயத்துக்குள்ள.”

அவள் ஸ்கூட்டரைக் கிளப்பினாள். கொஞ்ச தூரம் போய் நின்று கத்தினாள்.

“அந்த ஞாயித்துக்கிழமை சைக்கிள் கிடையாது!”

“ஏன், உங்களுக்கு வேலை இருக்கா?”

“உங்களுக்கு இருக்குல்ல!”



சாத்தான்குளத்துக்கு அந்தப் பக்கம், தேரி என்னும் செம்மணல் மேட்டில் இருந்தது சாஸ்தா கோயில். பொன்னுலிங்கம் மனைவியோடு சீர்த்தட்டு ஏந்திப் போனார். மருமகளுக்குத் தங்கக் கம்மல், தங்கை இசக்கியம்மாவுக்கு நல்ல சிவப்பில் பட்டுச்சேலை.

வேட்டியை மடித்துக் கட்டியதும் சித்தி ஒருத்தி அவர் காலைப் பார்த்துவிட்டாள். நீச்சலுக்காக மழித்த கால்.

“இதென்னய்யா, மொட்டை தலைக்குத்தானே போடுவாக?”

பந்தல் முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார்.

குழந்தை பூரணி மடியில் வந்து உட்கார்ந்தாள். நேரத்தோடு குத்தியிருந்தால் வாயில்லாப் பிள்ளையாக அழுது முடித்திருப்பாள். தள்ளித் தள்ளி இப்போது கேள்வி கேட்கும் வயது வந்துவிட்டது.

“மாமா, வலிக்குமா?”

“வலிக்கும்.”

“எவ்வளவு?”

“கடல்ல உப்புத்தண்ணி குடிச்ச அளவு.”

“நீ குடிச்சிருக்கியா?”

“நிறைய.”

அவள் அவருடைய கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டாள். ஆசாரி குத்தினார். பூரணி தனக்குத் தெரிந்த எல்லா வசவையும் சொல்லி அழுதாள். கட்டைவிரலை மட்டும் விடவில்லை. இந்தப் பிடிக்காக எத்தனை ஞாயிற்றுக்கிழமை வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. கண் கலங்கியது. குனிந்து வேட்டியைச் சரிசெய்வதுபோல் மறைத்துக்கொண்டார்.

தங்கை கோபமாக இருப்பாள் என்று நினைத்து வந்திருந்தார். பந்திக்கு இலை போடும் இடத்தில் அவள் குரல் கேட்டது.

“எங்கண்ணன் கடல்லயே நீந்துவாக தெரியுமா? நம்ம ஜனத்துல வேற யாரு இருக்கா, சொல்லு பாப்போம்.”

பொன்னுலிங்கம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தார். பாயசம் இரண்டு தடவை வாங்கினார்.



மறுநாள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள டீக்கடைக்குப் போனார். பள்ளிக்கூடத்துக் காலத்திலிருந்து அது அவர்கள் இடம். தஸ்நேவிஸ் தொப்பையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஊரில் பாதி வீட்டுக்குப் பெயின்ட் அடித்தவன். கூட இன்னும் இரண்டு கூட்டாளிகள் இருந்தார்கள்.

“ஏல, யாரு இது? கடல் ராசாவா?” என்றான் தஸ்நேவிஸ். “தரைக்கெல்லாம் வருவீகளோ?”

“போதும்ல.”

“கடைக்காரரே, ராசாவுக்கு ஒரு டீ. உப்பு போட்டு.”

பொன்னுலிங்கம் அதைக் குடித்து முடிக்கும்வரை காய்ச்சி எடுத்தார்கள். பிறகு அவர், என்ன நினைத்தாரோ, போன வருடம் படகில் வந்த கதையைச் சொல்லிவிட்டார்.

மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தஸ்நேவிஸுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“ஏன்ல எங்ககிட்ட சொல்லல?”

“வெக்கமா இருந்துச்சு.”

“மூணாங் கிளாஸ்ல நீ டவுசர்லயே மூத்திரம் போனப்பவே நாங்க கூட இருந்தோம். இனிமேப்பட்டு என்னல வெக்கம்?”

இப்போது பொன்னுலிங்கம்தான் அதிகமாகச் சிரித்தார். ஒரு வருடமாக நெஞ்சில் கிடந்த கல் டீக்கடை பெஞ்சுக்கடியில் விழுந்துவிட்டது.

“இந்தத் தடவையும் பயமாத்தான்ல இருக்கு. திரும்பி வரும்போது பாக்கிறதுக்குக் கரையில உயரமா ஒண்ணும் இல்ல. தேடிக் கொண்டுவாங்கன்னு கோச்சு சொல்லிருச்சு. நானும் தேடுதேன், அம்பிடல.”

தஸ்நேவிஸ் அவரைப் பார்த்தான். பிறகு இன்னொரு டீ சொன்னான்.



பந்தய நாள் காலையில் நல்ல காற்று. ஊதி நிறுத்திய வளைவு மணலில் சாய்ந்து கிடந்தது. ஜெனோவா அதைப் பார்த்தாள். பொன்னுலிங்கமும் பார்த்தார்.

“உயரமா ஏதாவது அம்பிட்டுச்சா அண்ணாச்சி?”

“இல்ல கோச்சு.”

“சரி. இறங்குங்க.”

அவர் இறங்கினார். சூரியன் நேரே கண்ணில் அடித்தது. சில வீச்சுக்கு ஒருமுறை தலையைத் தூக்கினார். வேகம் குறைந்தது. குறையட்டும். மிதவை நேராக வந்தது. அதைச் சுற்றித் திரும்பினார்.

தலையைத் தூக்கினார். மணல்.

நாலு வீச்சு. தூக்கினார். மணல். முன்னால் போனவர்களின் தொப்பிகளை அலை மறைத்துவிட்டது. வலப்பக்கம் போவதா, இடப்பக்கம் போவதா? போன வருடம் இந்த இடத்தில்தான் வழி தப்பியது. அவர் நின்றுவிட்டார். சற்றுத் தள்ளி மீட்புப் படகு காத்துக்கொண்டிருந்தது.

ஓர் அலை வந்து அவரை மேலே தூக்கியது.

கரையில் சிவப்பாக ஒன்று நின்றது.

அலை இறங்கியது. அடுத்த அலை வந்தது. ஏணி. மூங்கில் ஏணி. இவ்வளவு உயரம் எதற்கு என்று யாரும் வாடகைக்கு எடுக்காமல் அவர் கடைக்குப் பின்னால் சும்மா கிடந்த ஏணி. அதன் உச்சியில் தங்கைக்குச் சீராகக் கொடுத்த பட்டுச்சேலை கட்டிப் பறந்தது. அதற்குக் கீழே ஒருவன் ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படியில் நின்றான்; அடியை இரண்டு பேர் பிடித்திருந்தார்கள். அந்தத் தொப்பை ஊரில் ஒருவனுக்குத்தான் உண்டு.

பொன்னுலிங்கம் சிரித்துவிட்டார். வாய் நிறைய உப்புத்தண்ணீர் போனது. விழுங்கிவிட்டு நீந்தினார்.

கரையில் ஒரு நடுவர் ஏணியிடம் வந்தார்.

“இங்க என்னப்பா பண்றீங்க?”

“பெயின்ட் அடிக்கோம் சார்” என்றான் மேலே நின்ற தஸ்நேவிஸ்.

“எதுக்கு?”

“வானத்துக்கு.”

நடுவர் அண்ணாந்து பார்த்தார். ஏணி பந்தயக் கயிற்றுக்கு வெளியேதான் நின்றது. சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

கெடு முடிவதற்கு முன்பே பொன்னுலிங்கம் மணலில் கால் வைத்தார். அவருக்குப் பின்னால் திசை தெரியாமல் தத்தளித்த சிலரும் அந்தச் சேலையைப் பார்த்தே கரையேறினார்கள். யார் வீட்டுச் சேலை என்று அவர்களுக்குத் தெரியாது. இசக்கியம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“மாமா, நிக்காத, ஓடு!” என்று கத்தினாள் பூரணி.

அவர் ஓடினார். துடைத்து நிறுத்திய சைக்கிள் காத்திருந்தது. ஏறி மிதித்தார்.



வெயில் உச்சிக்கு வந்த பிறகு, கடைசி ஆளுக்குச் சற்று முன்னால், பொன்னுலிங்கம் ஓடி முடித்தார். முதலில் வந்தவருக்குக்கூட அப்படியொரு விசில் கிடைக்கவில்லை. தங்கை அழுதாள். மனைவி அக்கம்பக்கத்தில் நின்றவர்களிடம், கேட்காமலே, “எங்க வீட்டுக்காரர்தான்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பூரணி அவர் கழுத்துப் பதக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள். மறு கையால் தன் கம்மலைத் தொட்டுப் பார்த்தாள்.

“மாமா, வலிச்சுதா?”

“வலிச்சுது.”

“எவ்வளவு?”

“உன் காது அளவு.”

அவள் புரிந்ததுபோல் தலையாட்டினாள்.

ஜெனோவா பக்கத்தில் வந்து நின்றாள். அவள் முகத்திலும் சிரிப்பு இருந்தது; கண்டிப்பான குரலில் அதை மறைத்தாள்.

“அண்ணாச்சி, எதை விடணும்னு என்கிட்ட ஒரு கேள்வி கேட்டீங்களே.”

“ஆமா, கேட்டேன்.”

“பதில் சொல்லட்டுமா?”

பொன்னுலிங்கம் குனிந்து, மணலில் கிடந்த ஏணியின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

“அப்புறம் சொல்லுங்க கோச்சு. இப்ப அந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க.”

ஜெனோவா பிடித்தாள்.