நியாய விலைக்குக் கிழித்த புத்தகம்

கோபிசெட்டிபாளையத்தில் பழைய காமிக்ஸ் சேகரிப்பவர்கள் மூன்று பேர். மூவரும் பரம யோக்கியர்கள். அதுதான் அவர்களைப் பிடித்த சனியன்.

ஒருமுறை கோயம்புத்தூர் பழைய புத்தகக்காரர் ஒருவர், நியாய விலை எது என்ற இவர்கள் நச்சரிப்பு தாங்காமல், "வாங்குன வெலைக்கே வித்துருங்க, லாபம் பாக்காதீங்க. ஒரு தாள் கிழிஞ்சிருந்தா இருபது ரூவா கொறைங்க. நியாயம்னா அவ்வளவுதானுங்க" என்று சொல்லித் தப்பித்துப் போனார். அதையே தங்கள் சங்கத்தின் சட்டமாக்கி, மாடியிலிருந்த சங்க அறைச் சுவரில் பெயின்ட்டால் எழுதிவைத்தார்கள். அதற்கப்புறம் மூளைக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

இப்படியிருக்க, செங்கோடனிடம் 'கிணற்றுக்குள் கைரேகை' என்ற துப்பறியும் காமிக்ஸ் முழுசாக வந்து சேர்ந்தது. அவர் கொடுத்த விலை அறுநூறு. கேள்விப்பட்டதும் நாச்சிமுத்து செருப்பைக்கூட மாட்டாமல் சங்கத்துக்கு ஓடிவந்தார். ஏழாம் வகுப்பில் அவர் படித்த பிரதியில் கடைசித் தாள் இல்லை. எஸ்டேட் முதலாளியைக் காபியில் விஷம் வைத்துக் கொன்றது யார் என்று தெரியாமலே கல்யாணம் முடித்து, பேரனும் எடுத்துவிட்டார். கதையில் சந்தேகத்துக்கு ஆளான சமையல்காரனைப் போல மாமனார் மீசை வைத்திருந்த ஒரே குற்றத்துக்காக, அவர் கையால் இன்றுவரை காபி வாங்கிக் குடித்ததில்லை. பாவம், உண்மையிலேயே தவித்துப்போன மனிதர்.

"எங்கிட்ட ஐநூறுதானுங்க இருக்குது" என்றார்.

"சும்மா கொறச்சுக் குடுத்தா நியாயமில்லீங்களே" என்றார் செங்கோடன்.

"மிச்சம் நூற அடுத்த மாசம் குடுக்கட்டுங்களா?"

"கடனா!" தலைவர் பொன்னுசாமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "சங்கத்துல நின்னு பேசற பேச்சா இது?"

மூவரும் சுவரிலிருந்த சட்டத்தைத் திரும்பத் திரும்ப எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். திடீரென்று பொன்னுசாமியின் முகம் மலர்ந்தது.

"தாள் கிழிஞ்சாத்தான வெல கொறையும்? அஞ்சு தாளக் கிழிங்க. ஐநூறு ஆயிருச்சு!"

"எங்கீங்க கிழிக்கறது?" என்றார் செங்கோடன் பயபக்தியோடு.

"முன்னால கிழிச்சா கதை புரியாது. நடுவுல கிழிச்சா கோர்வை போயிரும். கடைசியில கிழிங்க. நாச்சிமுத்துவுக்கும் அது பழக்கந்தான்."

நாச்சிமுத்து புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். "அப்ப கொலகாரன் யாருன்னு எப்படீங்க தெரியும்?"

"உங்களுக்கு நியாயம் வேணுமா, கொலகாரன் வேணுமா?"

சபையில் வைத்து இப்படிக் கேட்டால், எந்த யோக்கியன் கொலைகாரனைக் கேட்பான்? நாச்சிமுத்து அந்தத் தாள்களை எட்டிக்கூடப் பார்க்காமல் தன் கையாலேயே கிழித்தார். தனித்தாளுக்குச் சட்டத்தில் விலை எதுவும் எழுதவில்லை. ஆகவே ஐந்து தாளும் கீழே பஜ்ஜிக் கடை சரோஜாவிடம் போயின.

மறுநாள் நாச்சிமுத்து அங்கே பஜ்ஜி வாங்கினார். மடித்துக் கொடுத்த காகிதத்தின் ஓரத்தில் 'முற்றும்' என்று அச்சாகியிருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பிரிக்கப் போன கை பாதியில் நின்றது. ஐநூறுக்கு வாங்கிய புத்தகம். இதைச் சேர்த்தால் ஐநூற்று இருபது. லாபம்!

பஜ்ஜியை அப்படியே வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடியபடி காகிதத்தைத் திருப்பி நீட்டினார்.

"என்னங்ண்ணா, கண்ணுல தூசியா?" என்ற சரோஜா அதை வாங்கிப் பார்த்தாள். "அட, மொதலாளியக் கொன்னது இவந்தானுங்களா!"

"சொல்லிராதீங்கம்மா!" எண்ணெய்க் கையால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அலறினார் நாச்சிமுத்து. "அதுக்கு நான் இன்னும் காசு குடுக்கலீங்க!"

அன்று சாயங்காலம் மாமனார் வழக்கம்போல ஆசையோடு காபியை நீட்டினார். நாச்சிமுத்து அந்த மீசையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "மொதல்ல நீங்க ஒரு வாய் குடிங்க மாமா" என்றார்.