‘எப்படி’யைத் திருடிய மாயன்

காக்கைக்கு இன்னும் கருப்பு ஏறாத காலம் அது. அப்போது வளையூர் என்றொரு நாடு இருந்தது. நாடு முழுக்கக் கண்ணாடி வளையல் செய்கிறவர்கள். அதை ஆண்ட ராஜாவுக்கு எதிலும் குறைதான். “இவன் சோம்பலாக நடக்கிறான், அவள் முணுமுணுவென்று பேசுகிறாள், சமையல்காரன் வேண்டாவெறுப்பாகப் பரிமாறுகிறான்” என்று பொழுதெல்லாம் புலம்புவான். கெட்டவன் இல்லை, வாய்தான் கொஞ்சம் நீளம். ஒருநாள் நெட்டைமாயன் என்ற மந்திரவாதியைக் கூப்பிட்டு, “எனக்கு வேலை நடந்தால் போதும். எப்படி நடக்கிறது என்பதே வேண்டாம். அதை எடுத்துக்கொண்டு போ” என்றான்.

மாயன் அப்படியே செய்தான். எல்லாச் செயலிலிருந்தும் ‘எப்படி’யை மட்டும் உருவி, பானைகளில் அடைத்துக்கொண்டு பாழுங்கிணற்றில் இறங்கிவிட்டான்.

அதன்பிறகு ஜனங்கள் நடந்தார்கள். வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை, நடந்தார்கள். பேசினார்கள். சத்தமாகவும் இல்லை, ரகசியமாகவும் இல்லை, பேசினார்கள். சிரித்தார்கள். அதைச் சொல்லவே எனக்கு உடம்பு கூசுகிறது. வாய் திறந்தது, பல் தெரிந்தது, அவ்வளவுதான்.

மாயன் திருடிய சமயம் வெளிநாட்டில் இருந்த அத்தை வீட்டுக்குப் போயிருந்த பவளாயி என்ற ஒன்பது வயதுப் பெண் தப்பித்தாள். அவள் திரும்பி வந்த அன்று அம்மாவுக்கு வளைகாப்பு. அந்த ஊரில் வளைகாப்பு வளையலை மருத்துவச்சிதான் போட வேண்டும். பிள்ளையை ஏந்தப்போகிற கை முதலில் தாய்க்குப் பழக வேண்டும் என்பது அவர்கள் வழக்கம்.

மருத்துவச்சி காத்தாயி வளையலைப் போட்டாள். உடைந்தது. இன்னொன்றைப் போட்டாள். அதுவும் உடைந்தது. மூன்றாவது உடைந்தபோது அம்மாவின் மணிக்கட்டில் ரத்தம் வழிந்தது.

“வலிக்குதாம்மா?” என்றாள் பவளாயி.

“வலிக்குது” என்றாள் அம்மா. அந்தக் குரலில் ஒன்றுமே இல்லை.

“நேத்து இந்தக் கையால கோழிக்குஞ்சைத் தூக்கினா. செத்துப்போச்சு” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. காத்தாயி தலையாட்டினாள்.

அம்மா இடுப்பைப் பிடித்தாள். “பிரசவ வலி வந்துடுச்சு.”

காத்தாயி அதே கைகளைக் கழுவிக்கொண்டு வந்தாள். “எல்லாருக்கும் என்ன ஆச்சு?” என்று கேட்டாள் பவளாயி. “மாயன் ‘எப்படி’யை எடுத்தான். பாழுங்கிணத்துல இருக்கான்” என்றார்கள். யாருக்கும் கவலை இல்லை. பவளாயி தலைதெறிக்க ஓடினாள்.

உச்சிவெயில். கிணற்றுக்குள் மட்டும் இருட்டு. பவளாயி உள்ளே இறங்கி, “எடுத்ததைத் திருப்பிக் கொடு” என்றாள். மாயன் ஒரே வாயால் பத்து விதமாகச் சிரித்தான்.

“மூணு பானை. உள்ளே இருக்கிறது எந்தச் செயலுக்குச் சொந்தம்னு சொல்லு, திருப்பித் தர்றேன். தப்பாச் சொன்னா உன்னோடதையும் எடுத்துக்குவேன்.”

முதல் பானையில் ‘சலசல, சலசல’ என்று கேட்டது. “ஆறு” என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆறு ஒரு பொருள் அல்லவா? அவன் கேட்டது செயலை. “ஓடுறது. சலசலன்னு ஓடும்” என்றாள். தூரத்தில் ஆறு சலசலவென்று ஓடத் தொடங்கியது.

இரண்டாம் பானையிலிருந்து ‘கமகம, கமகம’. பூவா? குழம்பா? இரண்டும் இல்லை. “மணக்கிறது. கமகமன்னு மணக்கும்” என்றாள். மாயனின் ஒரு சிரிப்பு நின்றது.

மூன்றாம் பானையில் சத்தமே இல்லை. கன்னத்தை வைத்தாள். இதமாக ஏதோ வருடியது. “இது ‘மெதுவாக’” என்றாள்.

“அது நூறு செயலோட சேரும். ஒண்ணுக்குத்தான் தருவேன்” என்றான் மாயன்.

அம்மா மெதுவாகத் தலை கோதிவிடுவாள், மெதுவாகக் காதில் கதை சொல்லுவாள். எல்லாமே பவளாயிக்கு வேண்டியிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஏந்துறதுக்குக் கொடு” என்றாள்.

அங்கே காத்தாயி மெதுவாக ஏந்தினாள். குழந்தை வீலென்று அழுதது.

அந்த அழுகை கிணற்றுக்குள் வந்தது. மாயனுக்கு முகம் வெளுத்தது. “வீல்னு... இது எந்தப் பானை?” என்று ஒவ்வொன்றாகத் தேடினான். எந்தப் பானையிலும் இல்லை. அவன் திருடியபோது இந்தக் குழந்தை ஒரு முறைகூட அழுதிருக்கவில்லையே, எங்கிருந்து எடுப்பான்? குழந்தை விடாமல் அழுதது. அடைக்க முடியாத அந்த அழுகை பட்டுப் பட்டுப் பானைகள் படபடவென்று வெடித்தன. அடைபட்டதெல்லாம் மேலே பறந்தது. மாயன் நின்றான். எப்படி நின்றான் என்று கேட்காதீர்கள், அவனிடம் ஒன்றுமே மிச்சமில்லை.

ராஜா பட்டுச்சேலையும் முத்துமாலையும் எடுத்துக்கொண்டு பவளாயி வீட்டுக்கு ஓடிவந்தான். வழிநெடுக ஜனங்கள் அவனைத் தாறுமாறாகத் திட்டினார்கள். அவன் காது குளிரக் கேட்டுக்கொண்டே வந்தான்.

பவளாயி அதையெல்லாம் பார்க்கவில்லை. அம்மா மடியில் தம்பி இருந்தான். அம்மா தேம்பித் தேம்பி அழுதாள், அழுதுகொண்டே வாய்விட்டுச் சிரித்தாள். பவளாயி இரண்டு கையையும் நீட்டி, பயந்து பயந்து தம்பியை வாங்கிக்கொண்டாள்.